ஈர வீட்டுப் பிள்ளை

எங்கள் ஊரில் மலை கிடையாது. கடலுக்குக் கொஞ்சம் தள்ளி நீளமாகக் கிடக்கும் மணல்மேடு ஒன்றுதான் உண்டு. அந்த மேட்டின் சரிவை வெட்டி, என் உம்மாவின் வாப்பா கட்டிய வீடு எங்களுடையது. ஒரு பக்கச் சுவர் மேட்டோடு ஒட்டி நிற்கும், மறுபக்கம் இறங்கினால் வயல். மாரி பிறந்து மழை விடாமல் பிடித்துக்கொண்டால், மேட்டில் ஊறிய தண்ணீரெல்லாம் மணலுக்குள்ளால் இறங்கி வந்து எங்கள் வீட்டுத் தரையைக் கீழிருந்து தள்ளும். சீமெந்துத் தரை முதலில் கறுக்கும். பிறகு வியர்க்கும். மழை கொஞ்சம் விட்டால் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும்.

நான் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். உலகத்தில் எல்லாத் தரையும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு முறை பள்ளிக்கூடத்துத் தோழி வீட்டுக்குப் போய், வெறும் தரையில் குந்தி விளையாடிவிட்டு எழும்பி, சட்டையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "உங்கட தரை காஞ்சு கிடக்கே" என்று அதிசயப்பட்டேன். அவளும் அவளுடைய உம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வெட்கம் என்ற ஒன்று தொடங்கியது அன்றைக்குத்தான்.

தரை ஈரமாக இருந்தால் என்ன, துடைத்துவிட்டுப் போகலாமே என்று வெளியூர்க்காரர் கேட்கக்கூடும். எங்கள் பக்கத்தில் அப்படி முடியாது. இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்குச் சொந்தம். மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் பின்னறைக்கோ வாடகை வீட்டுக்கோ ஒதுங்கிக்கொள்வார்கள். அதனால் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் முகத்தை ஒரு தரம் பார்த்தால், சுவரையும் கூரையையும் தரையையும் பத்துத் தரம் பார்ப்பார்கள். என் ராத்தாவுக்கு, அதாவது மூத்த சகோதரிக்கு, முதலில் வந்த சம்பந்தம் அந்தத் தரையில்தான் முறிந்தது. வந்த பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தவுடனே பாதத்தைத் தூக்கிக்கொண்டு குதிக்காலால் நடந்து போய்க் கதிரையில் இருந்தார்கள். அடுத்த நாள் தரகர் வந்து, "ஈர வீடாம்" என்றார். ராத்தா அடுப்படியில் போயிருந்து அழுதாள், அடுப்பில் ஆணம் அடிப்பிடித்தது, அதற்கும் சேர்த்து உம்மாவிடம் ஏச்சு வாங்கினாள்.

இரண்டாவது சம்பந்தம் வந்தது மாரியின் நடுவில். மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை. லீவில் வந்திருந்தார், திரும்பிப் போக முன்னம் நிக்காஹ் முடிய வேண்டும் என்று அவர் பக்கத்தில் அவசரப்பட்டார்கள். ராத்தா அவருடைய படத்தைப் பார்த்துவிட்டு அதைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். இதுவும் போனால் ராத்தா எழும்பமாட்டாள் என்பது உம்மாவுக்குத் தெரியும்.

வாப்பா மீன் லொறி ஓட்டுகிறவர். எதற்கும் சத்தம் போடாத மனிதர். அவர் ஒரு மேசனைக் கூட்டி வந்தார். மேசன் குந்தியிருந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இதுக்கு மேல எதப் போட்டாலும் கிளம்பும் நானா. மேட்டுப் பக்கத்தால கான் வெட்டித் தண்ணியத் திருப்போணும். பொறகு தரையக் கிளப்பி, கல்லுப் போட்டு, மொத்தப் பொலித்தீன் விரிச்சு, அதுக்கு மேல கொங்கிறீட் போடோணும். ஆனா மாரிக்குள்ள ஒண்டும் செய்யேலா. வெயில் வரட்டும்."

"வெயில் வரும், மாப்பிள்ள போயிருவாரே" என்றார் உம்மா கதவுக்குப் பின்னால் நின்று.

அப்புறம் வீட்டில் தரையைத் தவிர வேறு பேச்சு இல்லை. ராத்தாவுக்கு வெள்ளை மாபிள் பதிக்க ஆசை. ஆனால் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் ஈரத்தோடு மாபிள் ஒட்டி, மிதித்த இடமெல்லாம் டொக்கு டொக்கென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. வாப்பா அங்கே போய் விரலை மடக்கித் தட்டிப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினார். சிவப்புப் பெயின்ற் அடிக்கலாம் என்று அவராகவே ஒரு மூலையில் பூசிப் பார்த்தார். இரண்டு நாளில் அது தோலுரிந்தது. உரிந்த துண்டுகளை நான் பொறுக்கி நகத்தில் ஒட்டிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் உம்மா என்னையும் ராத்தாவையும் கூட்டிக்கொண்டு கல்முனைக் கடைத்தெருவுக்குப் போனார். தரைக்கு விரிக்கிற ரப்பர் காபட்டுகள் சுருள் சுருளாக நிமிர்ந்து நின்றன. ராத்தா வெள்ளையில் நீலப் பூப் போட்டதைத் தொட்டுக்கொண்டே நின்றாள். உம்மா கறுத்த மண்ணிறத்தில் மரப்பலகை அடுக்கினாற்போல் இருந்ததை எடுத்தார்.

"இதத்தான் பண்டாரவளைப் பக்கத்து ஆக்கள் வாங்கிப் போறாங்க" என்றான் கடைக்காரப் பொடியன். "மலையில குளிரும் ஈரமும்தானே, அங்கயே நிக்குது."

"உம்மா, அந்த வெள்ளை" என்றாள் ராத்தா.

"வெள்ளையில ஈரம் தெரியும்" என்றார் உம்மா.

விரித்த நாள் எங்கள் வீட்டில் பெருநாள்தான். இரண்டு மின்விசிறிகளையும் தரையைப் பார்த்துத் திருப்பி விட்டுக் காய வைத்தோம். மேற்பகுதி காய்ந்தது. அடியில் என்ன நடக்கிறது என்று யார் பார்த்தது. வாப்பா பழைய பேப்பரை விரித்து, அதற்கு மேல் மெல்லிய பொலித்தீனை விரித்து, அதற்கு மேல் காபட்டை உருட்டினார். கூடம் அகலம் என்பதால் இரண்டு துண்டு தேவைப்பட்டது, நடுவில் ஒரு பொருத்து விழுந்தது. கதவு நிலைக்குத் தக்கபடி பிளேடால் வெட்டி, ஓரங்களுக்குப் பசை பூசினார். மேட்டுப் பக்கச் சுவரோரம் மட்டும் பசை பிடிக்கவே இல்லை. உம்மாவும் ராத்தாவும் அலுமாரியைத் தள்ளிக்கொண்டு வந்து அந்த ஓரத்தில் ஏற்றி வைத்தார்கள். முடிந்தபிறகு வாப்பா வாசலில் நின்று பார்த்து, "அரமணதான்" என்றார். நான் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் மட்டும் உருண்டு போய் உருண்டு வந்தேன். இனி எங்கள் வீட்டுக்கும் தோழிகளைக் கூப்பிடலாம் என்று எனக்கு அவ்வளவு சந்தோசம்.

மழை விடவில்லை. இரண்டொரு நாளில் நான் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தேன். அலுமாரிப் பக்கம் காலால் ஓங்கி மிதித்தால் காபட்டுக்கு அடியில் ஒரு குமிழ் ஓடும். ஓடிப்போய், நடுப் பொருத்தில் புளிச்சென்று தண்ணீராக வெளியே வரும். நான் மிதித்து மிதித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது உம்மா பின்னால் வந்து நின்றார். அடி விழும் என்று முதுகைக் குறுக்கினேன். அவர் அடிக்கவில்லை. தானும் ஒரு தரம் மிதித்துப் பார்த்தார். தண்ணீர் வந்தது. குனிந்து முந்தானையால் அதைத் துடைத்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில் வாப்பா காலையிலேயே காபட்டைத் தூக்கிப் பழந்துணியால் ஒற்றியெடுத்துப் புதுப் பேப்பர் வைத்தார். பகல் சாப்பாட்டுக்குள் பொருத்து மறுபடி நனைந்துவிட்டது. உம்மா எனக்கு ரோஸ் நிறச் சட்டையை உடுத்தி, தலை வாரி, கூடத்தின் நடுவில் பொருத்துக்கு மேல் கொண்டுவந்து இருத்தினார்.

"நீ இதுல குந்தி இரி மகள். அவங்க போகு மட்டும் எழும்பப்படாது. என்ன கேட்டாலும் இரிந்துகொண்டே கதை."

நாலாம் ஆண்டு படிக்கிற பிள்ளை நான், வகுப்பில் முதலாம் பிள்ளை. என்னைத் தண்ணீருக்குத் தக்கையாக வைத்தார்கள். அது எனக்குப் பெரிய பொறுப்பாகத்தான் பட்டது. ராத்தாவின் கல்யாணம் என் கையில் இருக்கிறது என்று நினைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன்.

வந்தவர்களில் இரண்டு பேர்தான் முக்கியம். ஒருவர் மாப்பிள்ளையின் உம்மா. மெலிந்து உயர்ந்த மனுசி, வாய் அதிகம் திறக்கமாட்டார். சுத்தம் பார்ப்பதில் அவரைப்போல் ஊரில் ஆள் இல்லை என்பார்கள். மற்றவர் மாப்பிள்ளையின் மாமி, மாப்பிள்ளையுடைய வாப்பாவின் தங்கை. அவருக்கும் வீட்டில் கல்யாணம் ஆகாத ஒரு குமர் இருந்தது, அந்தக் குமரைத்தான் இந்த மாப்பிள்ளைக்குக் கொடுக்க நினைத்திருந்தார் என்பது ஊருக்கே தெரிந்த கதை. ஆகவே அவருடைய கண் எங்கள் வீட்டில் ஒரு குறைக்காக அலைந்துகொண்டிருந்தது.

"ஹோல் நல்ல விசாலம்" என்றார் மாமி, வட்டிலப்பத்தைக் கரண்டியால் வெட்டிக்கொண்டே. "முன்ன ஈரமெண்டு கேள்விப்பட்ட."

"அது அந்தக் காலம்" என்றார் உம்மா. "இப்ப எல்லாம் சரி."

அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் பின்னேர அஸர் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். உம்மாவின் முகம் வெளுத்தது. அறைக்குள் விரித்துத் தருகிறேன் என்று எழும்பினார். "என்னத்துக்கு, இஞ்சயே தொழுவம், எல்லாருக்கும் இடமிரிக்கு" என்றார் மாப்பிள்ளையின் உம்மா. கை கால் முகம் கழுவி வுளு செய்துவிட்டு வந்து, தொழுகை விரிப்புகளான முசல்லாக்களை எனக்குப் பக்கத்திலேயே வரிசையாக விரித்தார்கள். மூன்று பெண்கள் தக்பீர் கட்டினார்கள். நிற்கும்வரை ஒன்றுமில்லை. நெற்றியைத் தரையில் வைக்க ஸுஜூதுக்குப் போனார்களே, அப்போது மூன்று பேரின் பாரமும் முழங்காலிலும் உள்ளங்கையிலுமாக ஒரே நேரத்தில் இறங்கியது. முதலில் எனக்குத்தான் தெரிந்தது. எனக்குக் கீழே குளிர்ந்தது. நான் இன்னும் அழுத்தி இருந்தேன். தண்ணீர் என் இரண்டு பக்கத்தாலும் வழிந்து முசல்லாக்களுக்குள் போனது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தவுடன் மாமி முழங்காலைத் தடவினார்.

"இதென்னகா ஈரம்?"

உம்மா என்னைப் பார்த்தார். மீனைப் பலகையில் வைத்து எங்கே வெட்டுவது என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"சின்னவள்தான்" என்றார். "இந்த வயசிலயும் இந்தப் பழக்கம் போகுதில்ல. ஆக்களக் கண்டா வெக்கத்துல மூத்திரம் பெய்திருவாள்."

என் மேற்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். ரோஸ் சட்டையின் பின்பக்கம் முழுக்க நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உம்மாவின் விரல்கள் இறுகின. அறை வாசல் திரைக்குப் பின்னால் ராத்தா நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமி சிரிக்கத் தொடங்கினார். "நாலாம் ஆண்டு புள்ளயா இது, யா அல்லாஹ்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு குறை தேடி வந்தவருக்கு ஒரு வேடிக்கை கிடைத்துவிட்டது, அது வீட்டின் குறை இல்லை என்பதில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்திருக்கும். மூத்திரம் பட்டால் தொழுகை சேராது, கழுவிவிட்டுத் திருப்பித் தொழ வேண்டும். குர்ஆன் ஓதப் பழக ஓதப்பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும் தெரிந்த விசயம் அது. அவரும் கூட வந்தவரும் பின்பக்கம் போய் உடுப்பைக் கழுவி, உள்ளறையில் மறுபடி தொழுதார்கள். மாப்பிள்ளையின் உம்மா மட்டும் எழும்பவில்லை. நெற்றியைத் துடைத்த விரல்களை முக்காட்டைச் சரிசெய்வதுபோல் மூக்கருகே கொண்டுபோனார். அலுமாரியை ஒரு தரம் பார்த்தார். "புள்ளைகள்தானே, ஏசாதீங்க" என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு, நனைந்த முசல்லாவிலேயே இருந்து விரல்களை எண்ணித் தஸ்பீஹ் ஓதினார். செய்யாத குற்றத்தை மன்னிக்க இந்த மனுசி யார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

அன்று அந்தியில் உம்மா மிச்ச வட்டிலப்பத்தைக் கோப்பையில் போட்டுக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். நான் தொடவில்லை.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"ராத்தாட காரியம் முடியட்டும்."

"முடிஞ்சாப் பொறகு சொல்லுவீங்களா?"

உம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போனார். கதவடியில் நின்று இதைக் கேட்ட வாப்பா, கொட்டுகிற மழையில் லொறி கழுவப் போனார்.

சம்பந்தம் சரி வந்தது. நாளும் குறித்தார்கள். ஆனால் மாமியின் வாய் சும்மா இருக்கவில்லை. ஓதப்பள்ளியில் பிள்ளைகள் எனக்குப் ‘பூவாளி’ என்று பெயர் வைத்தார்கள். நான் போய் இருந்தால் பாயை இழுத்துக்கொண்டு தள்ளிப் போவார்கள். ஓதிக் கொடுக்கிற ஆசிரியையும் என்னை வாசலடியில் தனியாக ஒரு பாயில் இருத்தினார், குர்ஆன் இருக்கிற இடம் என்று. ஓதும்போது என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குச் சுருங்கிப்போனது. இரவில் உண்மையாகவே பெய்துவிடுவேனோ என்று பயந்து தண்ணீர் குடிப்பதை விட்டேன். ராத்தா ஒவ்வொரு நாளும் எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள், முன்னெப்போதும் இல்லாத பக்குவமாக. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளையும் வெறுத்தேன்.

என் கதை பழசானதும் மாமி அடுத்த கதையை எடுத்தார். பிள்ளை பெய்த இடத்தில் தொழுதுவிட்டு, கழுவாமல், திருப்பித் தொழாமல் எழும்பி வந்த மனுசி என்று இப்போது தன் மதினியின் பெயரையே தெருத்தெருவாக இழுத்தார். மாப்பிள்ளையின் உம்மா எவருக்கும் பதில் சொல்லவில்லை. நிக்காஹ்வுக்கு முந்திய வாரம் எங்கள் தெருவில் பெண்களுக்கு ஒரு பயான் நடந்தது. ஓர் ஆலிமா வந்து மார்க்க விசயங்கள் சொன்னார். உம்மா என்னையும் கூட்டிப் போயிருந்தார். எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் உம்மா இருந்தார். முடிவில் சந்தேகம் கேட்கச் சொன்னபோது மாமி எழும்பினார்.

"ஒராள் மூத்திரத்துல தொழுதிட்டு, தெரிஞ்சாப் பொறகும் திருப்பித் தொழாட்டி என்ன?"

"தொழுக சேராது. திருப்பித் தொழுது களாச் செய்யத்தான் வேணும்" என்றார் ஆலிமா.

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் உம்மாவின் முகம் கழுத்து மட்டும் சிவந்தது.

அவருக்குத் தெரியும். நெற்றியை அதில் வைத்தவர் அவர். ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த மனுசிக்கு மூத்திரம் எது, சீமெந்து மணக்கிற ஊற்றுத் தண்ணீர் எது என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. தண்ணீரில் தொழுத தொழுகையைத் திருப்பித் தொழவும் தேவையில்லை. அது தண்ணீர் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவருடைய மானம் மீண்டிருக்கும், என்னுடையதும் மீண்டிருக்கும், அந்தி சாய்வதற்குள் ஈர வீடு என்ற பேச்சு மறுபடி எழும்பி ராத்தாவின் நிக்காஹ் முறிந்திருக்கும். மாமியின் குமர் காத்துக்கொண்டுதான் இருந்தது.

"மறந்து போச்சு" என்றார் அவர். "இப்ப தொழுறன்."

ராத்தாவின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அடுத்த கோடையில் மச்சான் கத்தாரிலிருந்து ஆள் ஒழுங்குபடுத்தி, மேட்டுப் பக்கம் கான் வெட்டி, தரையைக் கிளப்பி, ராத்தா ஆசைப்பட்ட வெள்ளை மாபிளையே பதித்தார். தரையைப் பற்றி அவருக்கு யார் சொன்னது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. உம்மாவும் சரி, மச்சானுடைய உம்மாவும் சரி, அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. பெரிய மனுசிகள் இரண்டு பேர் வாய் திறக்காமல் ஒரு முடிவுக்கு வந்து, அதற்கான விலையை என் தலையில் வைத்தார்கள். இதையெல்லாம் விளங்கிக்கொண்ட பிறகும் எனக்கு அந்தக் கோபம் முழுக்கப் போகவில்லை.

பயான் நடந்த அன்றைக்கு எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளையின் உம்மா எழும்பி வுளு செய்துவிட்டு வந்து, அத்தனை பெண்களும் பார்த்திருக்க, தான் கடமைப்படாத அஸரின் நாலு ரக்அத்தையும் நிதானமாகத் தொழுதார். நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். வாசலடியில் தனிப் பாயில் இருக்க இனி எனக்குத் துணைக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று நெஞ்சுக்குள் சிரித்தேன். பக்கத்தில் உம்மா தலையைக் குனிந்துகொண்டு, முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். என்னைப் பக்கத்தில் வைத்திருப்பதுதான் அவருக்கு வெட்கம் என்று நினைத்து, கையை உருவிக்கொண்டு கொஞ்சம் தள்ளி இருந்தேன்.